வளைக்கும் இயந்திரம் வளையலாகாது
– வீட்டுப் பட்டறையில் ஒரு பிரஸ் பிரேக் –

வீட்டுச் சுவரில் இருக்கும் மின்சாரப் பெட்டி, ஆபீஸ் பீரோ, லிஃப்டின் கதவு, கம்ப்யூட்டரின் உறை, மாவு மில்லின் தொட்டி. இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. தட்டையாகக் கிடந்த தகட்டை யாரோ ஒருவர் நேர்கோட்டில், சொன்ன கோணத்துக்கு, பிசகாமல் மடித்திருக்கிறார். அந்த வேலையைச் செய்யும் இயந்திரத்துக்குப் பிரஸ் பிரேக் என்று பெயர். வண்டியை நிறுத்தும் பிரேக்குக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. தமிழில் தகடு மடிப்பு இயந்திரம் என்று சொல்லலாம்.

புனேயை ஒட்டிய பிம்ப்ரி-சிஞ்ச்வட் பக்கம் வேலை தேடி வந்து, இங்கேயே தங்கிவிட்ட நம்மவர்களில் நானும் ஒருவன். டூல் ரூமில் காலம் கழித்து ஓய்வு பெற்ற பிறகு, வீட்டின் பின்பக்க ஷெட்டில் ஒரு வெல்டிங் மெஷின், ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு வைஸ் என்று வைத்துக்கொண்டு பொழுதை ஓட்டுகிறேன். சங்கத்தில் பழக்கமான திருநெல்வேலித் தம்பி ஒருவர், போசரியில் சின்ன அளவில் எலெக்ட்ரிக் பேனல் பெட்டிகள் செய்கிறார். வெட்டுவதும் வெல்டு வைப்பதும் அவரே. மடிப்பதற்கு மட்டும் தகட்டை டெம்போவில் ஏற்றிப் பெரிய பட்டறைக்குக் கொண்டுபோய், வரிசையில் நின்று, ஒரு மடிப்புக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து வாங்கி வரவேண்டும். பாதி நாள் அதிலேயே போய்விடும். அவருக்காகத்தான் இந்த இயந்திரத்தைச் செய்தேன். செய்யும்போது போட்ட கணக்குகள் மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

தொழிற்சாலைகளில் உள்ள பிரஸ் பிரேக்குகள் 3 மீட்டர் நீளத்தை 100 டன் விசையில் மடிப்பவை. இயந்திரமே பல டன் எடை இருக்கும். நாம் பேசப்போவது 600 மி.மீ. நீளமும் 3 மி.மீ. தடிமனும் உள்ள தகட்டை, 20 டன் ஹைட்ராலிக் ஜாக்கியால் மடிக்கும் சிறிய இயந்திரம். சிறிது என்றாலும் 140 கிலோ இரும்பு அது!

தகடு மடியும்போது என்ன நடக்கிறது?

தகட்டை மடிக்கும்போது வெளிப்பக்கம் இழுபடுகிறது, உட்பக்கம் நசுங்குகிறது. இரண்டுக்கும் நடுவே இழுபடாமலும் நசுங்காமலும் ஓர் அடுக்கு இருக்கிறது. அதை நடுநிலை அடுக்கு என்று வைத்துக்கொள்வோம். இந்த அடுக்குக்கு வெகு அருகில் உள்ள உலோகம் நிரந்தரமாக உருமாறுவதில்லை. விசையை எடுத்ததும் பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும். அதனால்தான் 90 டிகிரிக்கு மடித்த தகடு, பஞ்சைத் தூக்கியதும் 91 அல்லது 92 டிகிரிக்கு விரிந்து நிற்கிறது. பட்டறையில் இதை ஸ்பிரிங் பேக் என்பார்கள். மைல்டு ஸ்டீலுக்கு 1 முதல் 2 டிகிரி. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு அதைவிடக் கூடுதல். ஆகவே 90 வேண்டுமானால் 88-க்கு மடிக்கவேண்டும். மடிப்பவன் கொஞ்சம் மிகையாகவே மடிக்கவேண்டும் என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம்.

இரண்டாவது, தகட்டுக்கும் மரத்தைப் போல ஒரு ரேகை உண்டு. ஆலையில் உருட்டிய திசைக்குக் குறுக்கே மடித்தால் நன்றாக மடியும். அதே திசையில், சின்ன ஆரத்தில் மடித்தால் வெளிப்பக்கம் விரிசல் விட வாய்ப்பு அதிகம்.

எவ்வளவு விசை வேண்டும்?

கீழே 'வீ' வடிவ வாய் கொண்ட டை, மேலே கத்தி மாதிரியான பஞ்ச், நடுவில் தகடு. வாயின் அகலம் தகட்டின் தடிமனைப் போல் 8 மடங்கு இருக்கவேண்டும் என்பது வழக்கமான விதி. 3 மி.மீ. தகட்டுக்கு 24 மி.மீ. வாய். வாய் அகலம்தான் மடிப்பின் உள் ஆரத்தையும் தீர்மானிக்கிறது. மைல்டு ஸ்டீலில் அது வாய் அகலத்தில் ஏறத்தாழ 16 சதவீதம். 24-க்கு 4 மி.மீ. அருகில் வரும்.

விசைக்கான சூத்திரம் சுலபமானது. 1.42 × இழுவலிமை × மடிப்பின் நீளம் × தடிமன் × தடிமன் ÷ வாய் அகலம். நீளங்களை மில்லிமீட்டரிலும், வலிமையைச் சதுர மில்லிமீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்றும் போட்டால், விடை நியூட்டனில் வரும். நம் ஊர் ஐ.எஸ். 2062 சாதாரண எஃகுக்கு இழுவலிமை குறைந்தபட்சம் 410. கடையில் வாங்குவது அதைவிடக் கூடுதலாகவே இருக்கும் என்பதால் கணக்குக்கு 450 வைத்துக்கொள்வது நல்லது.

600 மி.மீ. நீளத்துக்கு 1.6 மி.மீ. தகடு என்றால் சுமார் 8 டன். 3 மி.மீ. என்றால் சுமார் 15 டன். 5 மி.மீ. என்றால் 24 டன்னுக்கு மேல். இதெல்லாம் வாய் அகலத்தை 8 மடங்கு விதிப்படி மாற்றிக்கொண்டே போனால். வாயை மாற்றாமல் தடிமனை மட்டும் இரட்டித்தால் விசை நாலு மடங்கு ஆகிவிடும். 24 மி.மீ. வாயில் 6 மி.மீ. தகட்டை வைத்து, "கொஞ்சம் ஓங்கி அடிச்சா மடியும் சார்" என்று சொல்பவர்கள் கேட்பது 60 டன்! ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு எல்லாவற்றையும் ஒன்றரை மடங்கு ஆக்கிக்கொள்ளவேண்டும்.

15 டன் போதும் என்றதும் 20 டன் ஜாக்கி ஒன்று வாங்கினால் வேலை முடிந்தது என்று தோன்றும். பாஸ்கலின் தத்துவத்தை வைத்து ஜோசஃப் பிராமா ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை வாங்கியது 1795-இல். அதற்குப் பிறகு விசை கிடைப்பது கஷ்டமே இல்லை. இன்று எந்த லாரி டிரைவரிடமும் ஒரு 20 டன் ஜாக்கி இருக்கும். கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது.

விசை மலிவு, விறைப்பு அருமை

ஜாக்கி தகட்டை 15 டன்னில் அமுக்கும்போது, தகடும் டையும் கீழ் பீமை அதே 15 டன்னில் அமுக்குகின்றன. மேல் பீமை ஜாக்கி 15 டன்னில் மேலே தள்ளுகிறது. ஆக, இயந்திரம் தகட்டை வளைக்கும் அதே நேரத்தில் தகடு இயந்திரத்தை வளைக்கப் பார்க்கிறது. யார் முதலில் விட்டுக்கொடுக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

இரண்டு தூண்களுக்கு இடையே 750 மி.மீ. இடைவெளி. கீழ் பீமின்மேல் 15 டன் பரவலாக விழுகிறது. பங்கார்வாலா என்று இங்கே சொல்லும் பழைய இரும்புக் கடைக்காரரிடம் ஐஎஸ்எம்பி 100, 150, 200 என்று மூன்று அளவில் 'ஐ' பீம் கிடைக்கும். எண் என்பது மில்லிமீட்டரில் பீமின் உயரம். நடுவில் தொய்வு எவ்வளவு என்று கணக்குப் போட்டால், 100-க்கு 1.6 மி.மீ., 150-க்கு 0.55 மி.மீ., 200-க்கு 0.18 மி.மீ. குட்டையான பீமில் வெட்டு விசையாலும் சிறிது தொய்வு வரும். அதைச் சேர்த்தால் மூன்று எண்களும் இன்னும் கூடும்.

"ஒரு மில்லிமீட்டர்தானே!" என்று நினைக்கவேண்டாம். 24 மி.மீ. வாயில் 90 டிகிரிக்கு அருகே பஞ்ச் 1 மி.மீ. குறைவாக இறங்கினால் கோணம் ஏறத்தாழ 5 டிகிரி மாறிவிடும். 150 பீமில் மடித்தால் நடுவே இரண்டரை டிகிரி அளவுக்கு வித்தியாசம் வரலாம். முனைகளில் 90, நடுவில் 92 என்று வந்தால் பெட்டியின் மூடி உட்காராது. 200 பீமில் அது 1 டிகிரிக்குள் அடங்கும். 100 பீமைப் பற்றிப் பேசவே வேண்டாம். அதில் எழும் தகைவு, அந்த எஃகின் நெகிழ்வெல்லையான 250-ஐத் தாண்டிவிடும். தகட்டுக்கு முன்னால் இயந்திரமே நிரந்தரமாக வளைந்துவிடும்.

இதில் கவனிக்கவேண்டியது ஒன்று. 100 பீம் மீட்டருக்கு 11.5 கிலோ, 200 பீம் 25.4 கிலோ. எடை இரண்டேகால் மடங்குக்குள்தான் கூடுகிறது. விறைப்போ 9 மடங்குக்கு அருகில் கூடுகிறது. உயரம்தான் காரணம். வீட்டு உத்தரத்தைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி வைக்கும் தச்சருக்குத் தெரிந்த அதே விஷயம். பழைய இரும்புக் கடையில் கிலோ கணக்கில் காசு கொடுப்பவருக்கு இதைவிட லாபமான பேரம் கிடையாது.

மேல் பீம் விஷயம் வேறு. அதன் நடுவில் ஜாக்கியின் தலை ஒரே புள்ளியில் முட்டுகிறது. அதனால் அது கீழ் பீமைவிட அதிகமாகவே வளையும். ஆனால் அந்த வளைவால் கோணம் கெடுவதில்லை. ஜாக்கியின் ஓட்டத்தில் கொஞ்சம் வீணாகும், அவ்வளவுதான். ஆகவே கீழ் பீமுக்கு வேண்டியது விறைப்பு, மேல் பீமுக்கு வேண்டியது வலிமை. 20 டன்னும் நடுப்புள்ளியில் விழுந்தால் 200 பீமில் எழும் தகைவு 165 அளவில் நிற்கும். 250-இல் இது மூன்றில் இரண்டு பங்கு. பாதுகாப்பு எல்லையின் விளிம்பு.

தகடு கேட்பது 15 டன் என்றாலும் சட்டத்தை 20 டன்னுக்குக் கணக்கிட்டதற்குக் காரணம் உண்டு. ஜாக்கியை இயக்குகிறவர் கணக்குப் பார்த்து நிறுத்தமாட்டார். தகடு மடியவில்லை என்றால் இன்னும் நாலு பம்ப் அடிப்பார். ஆகவே ஜாக்கியின் முழுப் பலத்தையும் சட்டம் தாங்கவேண்டும். சட்டம் முறிவதற்கு முன்னால் ஜாக்கி தோற்கவேண்டும். இந்த வரிசை மாறவே கூடாது. 20 டன் ஜாக்கிக்குச் செய்த சட்டத்தில் 32 டன் ஜாக்கியை மாட்டுவது, தூக்கு மாட்டுவதற்குச் சமம்.

ஜாக்கி முட்டும் இடத்தில் பீமின் நடுச்சுவர் 5.7 மி.மீ. தடிமன்தான். அது நெளிந்துவிடாமல் இருபுறமும் 10 மி.மீ. தகட்டை நிமிர்த்தி வெல்டு வைத்திருக்கிறேன். தூண்களுக்கு 150 மி.மீ. சேனல். ஒவ்வொன்றும் 10 டன் இழுவிசையைத் தாங்கவேண்டும், தாராளமாகத் தாங்கும். மூட்டுகளில்தான் கவனம் வேண்டும். 6 மி.மீ. ஃபில்லெட் வெல்டு, பாதுகாப்புக் கணக்கில் ஒரு மி.மீ. நீளத்துக்கு 460 நியூட்டன் தாங்கும். 10 டன்னுக்குக் குறைந்தது 215 மி.மீ. நல்ல வெல்டு வேண்டும். நான் 400-க்கு மேல் வைத்து, அடியில் ஒரு தாங்கு தகடும் கொடுத்தேன். 7018 ராடுதான் போடவேண்டும். அதுவும் காய்ந்த ராடு. புனே மழைக்காலத்தில் திறந்துபோட்ட பாக்கெட் ஈரம் குடித்திருக்கும். வெளியே பளபளப்பாகத் தெரியும் வெல்டு உள்ளே விரிசல் விடலாம்.

ஜாக்கி, நகரும் பீம், டை

சாதாரண பாட்டில் ஜாக்கியைத் தலைகீழாக மாட்டினால் எண்ணெய்க்குப் பதில் காற்றை உறிஞ்சும், வேலை செய்யாது. ஆகவே ஜாக்கி நிமிர்ந்தே நிற்கவேண்டும். வழி இதுதான். ஜாக்கியின் அடிப்பாகத்தை நகரும் பீமின் மேல் நிறுத்தி, தலையை மேல் பீமில் முட்டவிடவேண்டும். தலை மேலே போக இடமில்லாததால் அடிப்பாகம் கீழே இறங்கும். அதோடு பீமும் பஞ்சும் இறங்கும். வால்வைத் திறந்ததும் இரண்டு பக்கத்து ஸ்பிரிங்குகள் எல்லாவற்றையும் மேலே இழுத்துக்கொள்ளும்.

நடுவில் ஒற்றை ஜாக்கி வைப்பதில் ஒரு நன்மை இருக்கிறது. நகரும் பீமின் முனைகள் விசையில் லேசாக மேலே ஏறும். கீழ் பீமோ நடுவில் லேசாகத் தொய்யும். இரண்டும் ஒரே பக்கமாக வளைவதால் வித்தியாசம் ஓரளவு கழிந்துபோகிறது. மிச்சத்தை டையின் நடுவில், அடியில் மெல்லிய ஷிம் வைத்துச் சரிசெய்யலாம்.

தீமையும் உண்டு. தகட்டை ஓர் ஓரமாக வைத்து மடித்தால் பீம் சாய்ந்து வழிகாட்டியில் இறுகிக்கொள்ளும். சின்னத் துண்டுகளை எப்போதும் ஜாக்கிக்கு நேர் கீழே வைக்கவேண்டும். முடியாவிட்டால் மறுமுனையில் அதே அளவுத் துண்டு ஒன்றை வைத்துச் சமன் செய்யவேண்டும்.

டைக்கு 'எல்' ஆங்கிளைக் கவிழ்த்துப் போட்டுவிடலாம் என்று பலர் சொல்வார்கள். 50 மி.மீ. ஆங்கிளின் வாய் 60 மி.மீ.க்கு மேல் விரியும். 3 மி.மீ. தகட்டின் உள் ஆரம் 10 மி.மீ. ஆகி, மடிப்பு குழாய் மாதிரி உருண்டு வரும். தவிர அதன் கோணம் சரியாக 90. ஸ்பிரிங் பேக்குக்காக 88 வரை அமுக்க அதில் இடமே இல்லை. இ.என். 8 எஃகுக் கட்டியில் 85 டிகிரிக்கு வாய் வெட்டிக்கொள்வதே சரி. வெளியே மில்லிங் பட்டறையில் கொடுத்துச் செய்துகொண்டேன். இந்த இயந்திரத்தில் வெளியே கொடுத்த வேலை அது ஒன்றுதான்.

வெட்டும் அளவு

வெளி அளவில் 50 மி.மீ., 50 மி.மீ. என்று 'எல்' வேண்டும். 100 மி.மீ. தகடு வெட்டினால் சரியா? சரியில்லை. மூலையில் தகடு சதுரமாகத் திரும்பாமல் வளைந்து திரும்புவதால் குறுக்கு வழியில் போகிறது. 3 மி.மீ. தகடு, 4 மி.மீ. ஆரம் என்றால் ஏறத்தாழ 5.7 மி.மீ. மிச்சமாகும். வெட்டவேண்டியது 94.3 மி.மீ. சூத்திரம் தெரியாதவர் கவலைப்படவேண்டாம். சரியாக 100 மி.மீ. துண்டு ஒன்றை மடித்து, இரண்டு கால்களையும் வெளி அளவில் அளந்து கூட்டிப் பாருங்கள். 100-க்கு மேல் எவ்வளவு வருகிறதோ அதுவே ஒரு மடிப்புக்குக் கழிக்கவேண்டிய அளவு. உங்கள் டைக்கும் உங்கள் தகட்டுக்கும் அந்த எண்தான் வேதம். தகடு மாறினால் மறுபடி அளக்கவேண்டும்.

இன்னொன்று, காலின் நீளம் வாய் அகலத்தில் 70 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. 24 வாய்க்கு 17 மி.மீ. அதைவிடச் சிறிதாக இருந்தால் தகட்டின் ஓரம் டைக்குள் சரிந்து விழும்.

கையும் டையும்

இனிச் சொல்லப்போவதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். குருகிராம், மானேசர் வட்டாரத்து வாகன உதிரிபாகப் பட்டறைகளில் விரல் இழந்த தொழிலாளர்களைப் பற்றி சேஃப் இன் இந்தியா என்ற அமைப்பு 2019 முதல் அறிக்கைகள் வெளியிட்டு வருகிறது. அவற்றில் முன்னுக்கு நிற்கும் இயந்திரம் பவர் பிரஸ். நம் பிரஸ் பிரேக்குக்கு அது ஒன்றுவிட்ட அண்ணன்.

1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, ஆபத்தான இயந்திரப் பாகங்களுக்குத் தடுப்பு வைக்கச் சொன்னது. ஆனால் அந்தச் சட்டமும் மின்விசை உள்ள இடத்தில் 10 பேராவது வேலை செய்தால்தான் அதைத் தொழிற்சாலை என்றது. இரண்டு பேர் வேலை செய்யும் ஷெட்டுக்குள் எந்த இன்ஸ்பெக்டரும் வரமாட்டார். அங்கே இயந்திரம் செய்பவனேதான் இன்ஸ்பெக்டர்.

இயந்திரம் ஓடத் தொடங்கி ஒரு மாதத்தில் தம்பி வந்தார். ஆர்டர் கூடியிருந்தது. "அண்ணாச்சி, கையால பம்ப் அடிச்சா ஒரு மடிப்புக்கு ரெண்டு நிமிஷம் ஆகுது. ஒரு மோட்டாரும் பவர் பேக்கும் மாட்டிருவோமே" என்றார். ஊரிலிருந்து அவருடைய அக்கா மகன் வேறு கூடமாட வேலைக்கு வந்திருந்தான், 19 வயது. "அவன் தகட்டைப் பிடிச்சுக்குவான், நான் மெஷினைப் பாத்துக்குவேன்" என்று திட்டமும் சொன்னார்.

நான் ஒப்புக்கொள்ளவில்லை. கைப் பம்ப்பில் பஞ்ச் ஓர் அடிக்கு ஓரிரு மில்லிமீட்டர்தான் இறங்கும். வலி தெரிந்ததும் நிறுத்தலாம், வால்வைத் திறக்கலாம். மோட்டார் வந்தால் விரல் போனபிறகுதான் சத்தம் கேட்கும். அதைவிட ஆபத்து இரண்டு பேர் வேலை செய்வது. ஒருவர் கை டைக்குள், மற்றவர் கை லிவரில். "ஆச்சா?" என்று கேட்டது "ஆச்சு" என்று காதில் விழுந்தால் முடிந்தது. மோட்டார் போட்டால் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்கவேண்டிய பொத்தான்கள், முன்பக்கத் தடுப்பு, ரிலீஃப் வால்வு எல்லாம் வேண்டும். அது வேறு இயந்திரம், வேறு செலவு. இந்தச் சட்டத்தின்மேல் ஒட்டுப்போடும் வேலை இல்லை.

தம்பிக்குக் கோபம்தான். இரண்டு வாரம் பேசவில்லை. அதற்குள் வேறு வழியில் வேகத்தைக் கூட்டினேன். பின்பக்கம் நகர்த்தி நிறுத்தக்கூடிய தடுப்பு ஒன்றை வைத்தேன். தகட்டை அதில் முட்டவைத்தால் கோடு போட்டுப் பார்த்துப் பிடிக்கத் தேவையில்லை. தகட்டைத் தாங்க முன்னால் ஒரு மேசை, பிடித்துக்கொள்ள இரண்டு காந்தங்கள். பம்ப் பிடியை நீட்டித் தூணுக்கு வெளியே கொண்டுவந்தேன். இப்போது பம்ப் அடிப்பவர் பக்கவாட்டில்தான் நிற்கமுடியும். அங்கிருந்து கை டைக்கு எட்டாது. பஞ்ச் தூக்கி நிற்கும் இடைவெளியையும் குறைத்து, வெறும் ஓட்டத்தை மிச்சப்படுத்தினேன். இரண்டு நிமிடம் 50 வினாடிக்கு வந்தது. நேரத்தைத் தின்றது பம்ப் இல்லை, தகட்டை நேராக வைப்பதுதான் என்பது அப்போது அவருக்கும் புரிந்தது.

செய்ய நினைக்கும் அன்பர்களுக்கு இன்னும் சில வார்த்தை. பஞ்சையும் டையையும் கண்ணாடி மாதிரிக் கடினமாக்கவேண்டாம், உடைந்தால் துண்டு பறக்கும். கண்ணாடி போடாமல் அருகே போகவேண்டாம். தகட்டின் பிசிறை அரத்தால் நீக்கிவிட்டே மடிக்கவேண்டும். அங்கேதான் விரிசலும் தொடங்கும், கையும் கிழியும். ஜாக்கியில் எண்ணெய் கசிந்தால் விரலால் தடவிப் பார்க்கக்கூடாது. அழுத்தத்தில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைக்கும். மாதம் ஒரு முறை எல்லா வெல்டையும் துடைத்து, வெளிச்சத்தில் உற்றுப் பார்க்கவேண்டும். மயிரிழை விரிசல் தெரிந்தாலும் அன்றோடு வேலையை நிறுத்தவேண்டும்.

எங்கள் இயந்திரத்தின் நெற்றியில் மஞ்சள் பெயின்ட்டில் மூன்று வரி எழுதியிருக்கிறது. '3 மி.மீ.க்கு மேல் கூடாது. 600 மி.மீ.க்கு மேல் கூடாது. ஒரே ஆள்.' முதல் இரண்டு வரிகளும் நான் எழுதியவை. மூன்றாவதைத் தம்பியே எழுதி, மருமகனைக் கூப்பிட்டு உரக்கப் படிக்கச் சொன்னார்.